எட்டு அடி தூரம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல; என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவர் அனுமந்தன்பட்டியில் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் அன்னத்தாய் அக்கா.

"தம்பி, நீங்க பத்திரிகைக்குக் கதை எழுதுறீகளாமே. எங்க வீட்டுக்காரருக்கு வந்ததை எழுதுங்க. ஆனா ஒண்ணு. அதுல நான் அவுக கையைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கணும்."

அன்று அக்கா பிடிக்கவில்லை. சிக்கல் அதுதான்.

2

முதல் தொடக்கம்: '1984 மார்கழியில் ஒரு காலை, திராட்சைத் தோட்டங்களின் மேல் பனி…'

அடித்துவிட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் பொன்னுராஜ் அண்ணன் பம்புசெட் மெக்கானிக். பனியைப் பார்க்க அவருக்கு நேரமிருந்ததில்லை.

இரண்டாவது: கிணற்றடியில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து ஸ்பானர் நழுவியது. எடுத்தார். மறுபடி நழுவியது. தோட்டக்காரர் தவசி ஏதோ கேட்க, வந்த பதில் குழறியது. "என்னண்ணே, வெத்தலையை மென்னுக்கிட்டா பேசுறீக?" என்று சிரித்தார் தவசி. வாயில் வெற்றிலை இல்லை என்று தெரிந்ததும் அவரே கார் பிடித்துத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

இது இருக்கட்டும்.

3

(இனி கதைக்குள் 'அக்கா' இல்லை. அந்தச் சொல் இருந்தால் என்னால் உண்மையை எழுத முடியவில்லை.)

லேசான பக்கவாதம் என்றார் டாக்டர். சாயங்காலமே பொன்னுராஜ் தம்ளரைத் தானே பிடித்துக் காப்பி குடித்தார். அன்னத்தாய்க்கு உயிர் வந்தது.

(டாக்டரை அசட்டையானவராக எழுதிப் பார்த்தேன். ஒரு குற்றவாளி கிடைத்தால் கதை சுலபமாக நடந்துவிடும். ஆனால் அவர் இரண்டு தடவை வந்து பார்த்தார். "ரெண்டு மூணு நாளைக்கு உறுதியா எதுவும் சொல்ல முடியாது" என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.)

மறுநாள் காலை பொன்னுராஜ் கழிப்பறைக்குப் போக எழுந்தார். அன்னத்தாய் கை நீட்டினாள்.

"விடு. நான் என்ன சின்னப்பிள்ளையா?"

விட்டாள். அவர் நடப்பதைக் கண்ணால் பார்க்க அவளுக்கும் ஆசை. எட்டு அடி. போனார், வந்தார், கட்டிலில் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் வலது கை ஈரத்துணி போலத் துவண்டது. பிறகு கால். மதியத்துக்குள் அவள் பெயரைச் சொல்லக்கூட

(இந்த வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது.)

4

டாக்டர் சொன்னது, அன்னத்தாய் எனக்கு ஒப்பித்தபடி:

"நடந்ததால வரலம்மா. மூளைக்குள்ள ஆழத்துல முடி மாதிரி ரத்தக்குழாய் இருக்கு. பல வருசப் பிரஷர்ல அது தடிச்சு உள்வழி சுருங்கிப்போச்சு. அதுல ஒண்ணு அடைச்சா, லேசா ஆரம்பிச்சு ரெண்டு நாள்ல கூடுறது சில பேருக்கு உண்டு. ஏன் இவருக்குன்னு கேட்டா எனக்கும் தெரியாது. படுத்தே இருந்திருந்தாலும் கூடியிருக்கலாம்."

அன்னத்தாய் அந்தக் கடைசிச் சொல்லை விடவே இல்லை. "கூடியிருக்கும்னு சொல்லல தம்பி. கூடியிருக்கலாம்னுதான் சொன்னாக."

5

முடிவு ஒன்று: அவள் பிடித்துக்கொள்கிறாள், அவர் குணமாகிறார். எழுதக் கை கூசியது.

முடிவு இரண்டு: பிடித்துக்கொள்கிறாள், ஆனாலும் கை விழுகிறது. இதைத்தான் ஏழு மாதம் கழித்து அவர்கள் வீட்டில், இருவர் முன்னும் வாசித்தேன். 'அவள் கையைப் பற்றினாள். அவரும் சாய்ந்துகொண்டார்' என்ற இடத்தில் நாற்காலியிலிருந்த அண்ணன் இடது கையைத் தூக்கினார்.

"பொய்யி." ஒவ்வோர் எழுத்தாக இழுத்தார். "பிடிச்சிருந்தா… தட்டிவிட்டிருப்பேன்."

"தட்டிவிட்டாலும் நான் பிடிச்சிருக்கணும்ல?" என்றார் அக்கா.

அண்ணனின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. "நல்லா… நடந்தேன்ல? நீ… பாத்தேல்ல?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரியை அடிச்சிரவாக்கா?" என்று கேட்டேன்.

வரி இன்னும் அடிபடாமல் இருக்கிறது. வைப்பதா எடுப்பதா, நீங்களே முடிவுசெய்யுங்கள். அக்காவின் முகத்தை நான் பார்த்துவிட்டேன், என்னால் ஆகாது.