சும்மா இருந்த கைகள்

அலை வந்து கணுக்காலைத் தழுவிவிட்டுப் பாதத்தின் அடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகிறது, மயிலாத்தாள் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள், திருச்செந்தூர்க் கடல், தங்கையின் பேத்திக்கு முடியெடுக்க வந்த இடம், பக்கத்தில் நின்ற ஒருத்தியின் கையிலிருந்து சொம்பு நழுவுகிறது, மயிலாத்தாளின் இடுப்பு தானாக வளைகிறது, அதற்குள் அந்தப் பெண்ணே எடுத்துக்கொண்டு நடந்துவிட, பாதி குனிந்து நின்றவளுக்குச் சிரிப்பு வருகிறது, பழகிய இடுப்பு அல்லவா, ஆனைமலைப் பக்கத்துத் தோப்பில் தென்னையிலிருந்து விழுந்து புருசன் திருமூர்த்திக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போன நாளிலிருந்து, அவர் கையிலிருந்து எது விழுந்தாலும் தரையில் அது ஓய்வதற்குள் எடுத்துக் கொடுத்த இடுப்பு, கடைக்குப் போனாலும் ஓட்டமாகத் திரும்பி, கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமலே மொய்யை மட்டும் வைத்துவிட்டு வந்து, பகலும் ராத்திரியும் ஒரு காதை அவர் பக்கம் திறந்தே வைத்திருந்து, ஓடிப்போன வருசங்கள் எத்தனையோ.

பிறகு பாகு வந்தது, கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒரு பெட்டை நாய், கூடவே ஹெலன், கோயமுத்தூரில் உடம்புக்கு முடியாதவர்களுக்குத் துணையாக நாய்களைப் பழக்குகிறவள், திருமூர்த்தி தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போன் போட்டு வரவழைத்திருக்கிறார் என்பதே மயிலாத்தாளுக்குச் சுருக்கென்று இருந்தது, நான் பார்க்கிறது போதாமலா இவருக்கு நாய் கேட்கிறது. நாய்க்கு எல்லாம் தெரிந்திருந்தது, எடு என்றால் எடுக்கும், கொடு என்றால் மடியில் வைக்கும், கயிற்றைக் கட்டிவிட்டால் கதவை இழுத்துத் திறக்கும், மூக்கால் விளக்குச் சுவிட்சைத் தட்டும், வீட்டு ஆட்களோடு பழகுவதற்காக ஹெலன் தினமும் வந்து போகிறாள், திருமூர்த்தி வேண்டுமென்றே கரண்டியைக் கீழே போடுகிறார், பாகு எழுந்து நாலு கால் வைப்பதற்குள் கரண்டி மயிலாத்தாளின் கையில் இருக்கிறது, துண்டு விழுகிறது, அதுவும் அப்படியே, நாய் ஹெலனைப் பார்க்கும், மயிலாத்தாளைப் பார்க்கும், பேசாமல் உட்கார்ந்துவிடும், போகப் போக எது விழுந்தாலும் அது எழுவதேயில்லை என்று ஆனது.

ஹெலன் ஒருநாள் சொல்லியே விட்டாள், அக்கா, இப்படியே போனா கத்துக்கிட்டதெல்லாம் இது மறந்துருமுங்க, நான் திருப்பிக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான், நாய்க்குச் சொல்லிக் குடுத்தாச்சு, இனி உங்களுக்குத்தான் சொல்லிக் குடுக்கோணும், நீங்க கையக் கட்டிக்கிட்டு உக்காரோணும். மயிலாத்தாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஏனம்மிணி, இத்தனை வருசம் எடுத்துக் குடுத்த கைய எங்க கொண்டுபோய் வெக்கச் சொல்ற, என்று கேட்டுவிட்டுப் புறக்கடைக்குப் போய்த் துவைகல் மேல் உட்கார்ந்து அழுதாள், வாசற்படி தாண்ட முடியாத சக்கர நாற்காலியை உள்ளேயே நிறுத்திக்கொண்டு திருமூர்த்தி கூப்பிட்டார், ஏ புள்ள, நீ எடுத்துக் குடுக்கறது எனக்குச் சங்கடமில்ல, ஒவ்வொண்ணுக்கும் உன்னையக் கூப்புடறேன் பாரு, அதுதான் சங்கடம், நீ சோத்துல கை வெச்சிருப்ப, கண்ணசந்திருப்ப, அப்பத்தான் எனக்கு என்னமோ ஒண்ணு விழுகும், நாயக் கூப்புட எனக்குக் கூச்சமில்ல. தனக்குத் தெரியாமல் அவர் இத்தனை காலம் எத்தனை தடவை கூப்பிடக் கூசித் தாகத்தோடு சும்மா இருந்திருப்பார் என்று நினைக்க நினைக்க மயிலாத்தாளின் அழுகை வேறு மாதிரியாக மாறியது.

மறுநாள் சுவரோரமாக உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள், துண்டு விழுந்தது, எடு சாமி என்றார் திருமூர்த்தி, பாகு எழவில்லை, துண்டு அங்கேயே கிடக்கிறது, தொடைக்கு அடியில் விரல்கள் துடிக்கின்றன, தரையில் கிடந்தது துண்டாகவே தெரியவில்லை, மரத்திலிருந்து விழுந்த அன்றைக்கு மட்டைகளுக்கு நடுவே கிடந்த அவராகவே தெரிந்தது, அப்போதுதான் கவனித்தாள், நாய் துண்டைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை, தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, உத்தரவுக்குக் காத்திருக்கிற மாதிரி, போ கண்ணு, இனி நீ எடு, என்றாள் மயிலாத்தாள். பாகு எழுந்து போய்த் துண்டைக் கவ்வி அவர் மடியில் வைத்தது, திருமூர்த்தி சிரித்தார், மரத்து உச்சியிலிருந்து கீழே நிற்பவளைப் பார்த்துச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு, அது இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறது, ஹெலன் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதற்கப்புறம் தண்ணீர்ப் பாட்டில் வந்தது, போன் வந்தது, செருப்பை எடு என்றால் மயிலாத்தாளின் செருப்பையும் சேர்த்து எடுத்து வந்து இருவர் காலடியிலும் வைத்தது, தங்கை வந்து அக்கா நீயும் வாயேன் என்று கேட்டபோது மயிலாத்தாள் வாய் திறக்கும் முன்பே அவர் சொன்னார், வருவா, கூட்டிட்டுப் போ.

இப்போது தங்கை போனை நீட்டுகிறாள், மாமா பேசறாருக்கா, மயிலாத்தாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்குகிறாள், சாப்பிட்டீங்களா என்கிறாள், ஆச்சு, பாகுவும் சாப்பிட்டா, இப்ப என் கால்மேல தலைய வெச்சுத் தூங்கறா, எனக்கு ஒண்ணும் தெரியல புள்ள, ஆனா பாக்கறப்ப கால் கதகதன்னு இருக்கற மாதிரித்தான் இருக்குது, என்கிறார் அவர். அலை ஒன்று எழுகிறது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே, ஏனுங்க, நாளைக்கும் இருந்துட்டு வரட்டுமுங்களா, என்று கேட்கிறாள், இரு புள்ள, நல்லா ஆசை தீர இருந்துட்டு வா. போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அவள் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள், மடியெல்லாம் கடல், பேத்தி கைகொட்டிச் சிரிக்கிறாள், மயிலாத்தாள் இரண்டு கைகளையும் விரித்துத் தண்ணீர் மேல் வைக்கிறாள், அடுத்த அலை வந்து அவற்றை மெல்லத் தூக்குகிறது.