செட்டில் ஆனவன்

“சார், இந்தப் பழைய பெர்சனல் லோன் ‘செட்டில்டு’ன்னு காட்டுது” என்று வங்கிப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சொன்னபோது, லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாயெல்லாம் பல்.

“ஆமா மேடம். எல்லாம் செட்டில். ஒரு பைசா பாக்கி இல்ல.”

கல்யாணமான நாளிலிருந்து சொந்தக்காரர்கள் பார்த்த இடத்தில் எல்லாம் “எப்பப்பா செட்டில் ஆகப்போற?” என்று கேட்டு அவன் உயிரை வாங்கியிருந்தார்கள். இன்று ஒரு வங்கியே அவன் செட்டில் ஆகிவிட்டான் என்று சொல்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியை அவன் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான். துணி தேய்க்கும் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

“அது நல்லதில்ல சார்,” என்றாள் வங்கிப் பெண். பாவம், ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதைச் சொல்கிறாளோ. “முழுசா கட்டியிருந்தா ‘க்ளோஸ்டு’ன்னு வரும். இவர்கிட்ட இதுக்கு மேல தேறாதுன்னு கிடைச்சத வாங்கிட்டு விட்டுட்டா, ‘செட்டில்டு’ன்னு போடுவாங்க. மிச்சத்தையும் கட்டிட்டு வாங்க. அப்புறம் வீட்டுக் கடன் பத்திப் பேசலாம்.”

மெக்கானிக்கின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

அந்தக் கடன் அவனுக்காக வாங்கியதே இல்லை. அக்கா புருஷன் பேனர் அச்சடிக்கும் கடை போட்டபோது, மிஷின் வாங்க இவன் பெயரில் எடுத்தது. மாதச் சம்பளம் வாங்குகிறவன் குடும்பத்தில் இவன் ஒருவன்தானே. கடை ஒரு வருஷத்தில் படுத்துவிட்டது. வசூல்காரர்கள் இவனைக் கண்ணில் விரலை விட்டு ஆட்டினார்கள். லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கிரீஸ் போடும்போதும் போன் அடிக்கும். கடைசியில் கடன் கொடுத்த கம்பெனியே இறங்கிவந்து, பாதியை மொத்தமாகக் கட்டினால் போதும் என்றது. அவன் பைக்கை விற்றான். அவள் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். வளையல் இருந்த கை இன்றுவரை மொட்டையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவன் அதைச் சொல்லும்போது கேட்க வேண்டுமே! நாலு பேர் கூடினால் போதும், “பாதியிலேயே மடக்கிட்டேன்ல” என்று ஆரம்பித்துவிடுவான். அக்கா மகளின் பிறந்தநாளன்று கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் இருக்க, “அத்தான், அந்தப் பணத்தப் பத்தி நீங்க நினைக்கவே கூடாது. எனக்கும் உங்களுக்கும் கணக்கே கிடையாது” என்றும் சொல்லி வைத்தான். அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. “நீ எனக்குத் தம்பி இல்லடா, பிள்ள” என்று அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், “என் வளையல வச்சு நீங்க வள்ளல் ஆயிட்டீங்க” என்று மனைவி ஜன்னலிடம் சொன்னாள்.

இப்போது அவர்கள் பார்த்து வைத்திருப்பது மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. லிஃப்ட் மெக்கானிக் வாங்கப்போகிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அந்த விலைக்கு அவ்வளவுதான் கிடைக்கும். குடியிருக்கிற வாடகை வீட்டையோ சீக்கிரம் காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை எடுத்துப் பழைய பாக்கியைக் கட்டினால், வீட்டுக்கு முன்பணமாகக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. மறுபடியும் வேறொரு வாடகை வீடு, மறுபடியும் பையனுக்கு வேறொரு பள்ளிக்கூடம்.

“அக்காகிட்ட கேளுங்க” என்றாள் மனைவி.

“கேக்குறேன்” என்றான். கேட்கமாட்டான் என்று தெரிந்துதான் அவளும் கூடவே கிளம்பினாள்.

அக்கா கதவைத் திறந்ததுமே, “டேய், சொந்த வீடு வாங்கப் போறியாமே! என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடா?” என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். தையல் மிஷின் மேல் யாருடைய சட்டையோ பாதி தைத்துக் கிடந்தது. அத்தான் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிற வேலையை முடித்துவிட்டு, சீருடையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்திருந்தார். எல்லோருக்கும் டீ வந்தது. மெக்கானிக் டீயைக் குடித்தான், காலி டம்ளரைப் பார்த்தான், பிறகு மேலே பார்த்தான்.

“என்னக்கா, ஃபேன் இப்படிச் சத்தம் போடுது?” என்று ஸ்டூலைப் போட்டு ஏறி, பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துவிட்டான்.

மனைவி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அவன் இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. “அண்ணி,” என்று அவளே ஆரம்பித்தாள். “அந்தப் பேனர் மிஷின் கடன்ல மிச்சப் பாதியக் கட்டினாத்தான் வீட்டுக் கடன் தருவாங்களாம். எங்ககிட்ட வழி இல்ல அண்ணி. நீங்கதான் எப்படியாவது பாக்கணும்.”

அத்தான் வாசலில் கிடந்த தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அண்ணாந்து தம்பியைப் பார்த்தாள்.

“கணக்கே இல்லன்னு ஊரக் கூட்டிச் சொன்னது நீதானடா? இப்ப இதக் கேக்குறது நீயா, அவளா?”

ஆமாம், நான்தான் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சோறு போட்டிருப்பாள். அவன் ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொண்டு, “பேங்க்ல கேக்குறாங்கக்கா” என்றான்.

அக்கா எழுந்தாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பத்து நாள் கழித்து அந்த மிச்சப் பாதிப் பணம் முழுவதும் அவன் கணக்குக்கு வந்து சேர்ந்தது. எதை விற்றாள், யாரிடம் கைநீட்டினாள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. பாக்கியைக் கட்டினான். அலைந்து, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கினான். வங்கியும் இழுத்தடித்து, ஒருவழியாகக் கடனை பாஸ் பண்ணியது. அன்று சாயங்காலம் கைகூடக் கழுவாமல் அக்காவுக்குப் போன் போட்டான்.

“அக்கா, கடன் கிடைச்சிருச்சு! ஞாயித்துக்கிழமை சாவி தராங்க. நீதான் முதல்ல உள்ள போகணும்.”

“ரொம்ப சந்தோஷம்,” என்றாள் அக்கா. “நல்லா இருங்க.”

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று அவன் நினைத்தான்.

“ஏன்க்கா ஒரு மாதிரி பேசுற? கோவம்னா என்னைய நாலு திட்டு திட்டேன்.”

“உங்கள நான் எதுக்குங்க திட்டப்போறேன்? வேலை கிடக்கு. வச்சிடுறேன்.”

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றான். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அண்ணி வராங்களாமா?”

“தெரியல,” என்றான். “என்னைய ‘வாங்க போங்க’ன்னு பேசுறா.”