துரு ஆல்பத்தின் உண்மையான வேகம்

உலக இசை வரலாற்றையே திருத்தி எழுத வேண்டிய பேருண்மை ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கும் எட்டுக்குப் பத்து அறையில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவள் இருபத்தெட்டு வயது சவுண்ட் இன்ஜினியர். முன்னிலை வகித்தவர்கள் இருவர். ஒருவர் அவளுடைய அப்பா, டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். மற்றவர் அப்பாவின் பழைய நண்பர், அரசாங்கத்தில் எடையளவு ஆய்வாளர். வாழ்த்துரை வழங்க யாரும் வரவில்லை. கீழே கடையில் ஒரு தம்பதி, குளியலறைக்கு வெள்ளையா சாம்பலா என்று முக்கால் மணி நேரமாக முடிவெடுக்க முடியாமல் நின்றதால், பொதுமக்கள் தரப்பிலிருந்தும் சலனம் எதுவும் பதிவாகவில்லை.

“மாமா, ‘துரு’ பத்து பர்சென்ட் வேகமா ஓடுது,” என்றாள் அவள்.

பத்து சதவீதம் என்று காதில் விழுந்ததும் ஆய்வாளரின் கை தன்னிச்சையாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. இருபத்தாறு வருடமாகத் தராசுகளையும் படிக்கற்களையும் லிட்டர் குவளைகளையும் சோதித்து முத்திரை வைப்பது அவர் பிழைப்பு. கிலோவுக்குப் பத்து கிராம் குறைந்தாலே முகம் சுண்டிப்போகும் மனிதர். வீட்டுக்கு வாங்கிவரும் எண்ணெய்ப் பாக்கெட்டைக்கூட அளந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார் என்று மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். இதே மனிதர் பத்தொன்பது வயதில் தோள்வரை முடி வளர்த்து, ‘ரம்பம்’ என்ற பட்டப்பெயருடன் த்ராஷ் மெட்டல் என்ற அசுரவேக ராக் இசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்தார் என்பது அந்த மனைவிக்கும் தெரியும், அலுவலகத்துக்கும் தெரியும். ஒருவருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்தது என்று தெரிந்திருப்பதைப் போல. யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

“எதை வெச்சுச் சொல்ற?” என்றார், கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் அதே குரலில்.

“பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ‘ம்ம்’னு ஒரு இரைச்சல் வருதில்ல, அது கரன்ட்டோட சத்தம். ஆம்ப்ளிஃபயர் வழியா வர்றது. செகண்டுக்கு அம்பது தடவை அதிரும். எந்த வீட்டுல, எந்தக் கடையில வெச்சாலும் அம்பதுதான். இந்த டேப்புல அம்பத்தஞ்சு இருக்கு. கரன்ட்டு அவசரப்படாது மாமா. டேப்புதான் அவசரப்பட்டிருக்கு.”

ஆய்வாளருக்கு இதை இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை. “அப்ப கரன்ட்டுதான் படிக்கல்லு,” என்றார்.

“ஆமா மாமா. ரெக்கார்ட் பண்ணின மெஷின்ல பெல்ட் தளர்ந்திருக்கணும். மெதுவா சுத்தியிருக்கு. காப்பி போட்ட மெஷின் ஒழுங்கா சுத்தியிருக்கு. மெதுவா பதிஞ்சதை ஒழுங்கான வேகத்துல ஓட்டினா வேகமாத்தான் கேக்கும். அதான் வெளிய வந்த கேசட்டு எல்லாமே வேகம்.”

“அடப்பாவி ரேடியோக் கடைக்காரா,” என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். அந்தக் குழுவில் டிரம்ஸ் அவர்தான். “கேசட்டுல வேற மாதிரி இருக்கேன்னு கேட்டதுக்கு, காப்பி போட்டா அப்படித்தான் தம்பி, கொஞ்சம் துடிப்பா வரும்னு சொன்னானேடா.”

‘துரு’ என்பது முப்பத்தொரு வருடங்களுக்கு முன் நான்கு பையன்கள் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையின் பின்னறையில் மூன்று நாளில் பதிவு செய்த எட்டுப் பாட்டு, இருபத்தொன்பது நிமிடம். அவர்களுடைய முதல் ஆல்பம், ஒரே ஆல்பமும் அதுதான். முதல் பாட்டுக்குத் தொடக்கம் என்று ஒன்று கிடையாது. பூட்டிய கதவைத் தோளால் இடித்து, கதவோடு சேர்ந்து உள்ளே வந்து விழுகிற மாதிரி அது வந்து விழும். தகரக் கூரையில் ஆணி மூட்டையைக் கவிழ்த்தாற்போல டிரம்ஸ். அதன் மேல், மூச்சு வாங்க இடம் விடாமல் அறுத்துக்கொண்டே போகும் கிட்டார். பாடகனின் குரலில் பயமும் திமிரும் சரிபாதி. மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் குச்சி கை நழுவி விழுகிற சத்தம் அப்படியே கேட்கும். அரை நொடி கிட்டார் மட்டும் தனியாக ஓடும். பிறகு டிரம்ஸ் தப்பான இடத்தில் வந்து சேரும், மற்ற மூன்று பேரும் அந்தத் தப்பான இடத்துக்கே தாவிப் போய்விடுவார்கள். திருத்தி வாசிக்க டேப் மிச்சமில்லை. இருந்திருந்தாலும் அவர்களுக்குத் திருத்தத் தெரிந்திருக்காது. நன்றாக வாசிக்கத் தெரிந்த யாராலும் அந்த அரை நொடியை உண்டாக்க முடியாது என்பதுதான் இத்தனை வருடமாக அதைத் தேடித் தேடிக் கேட்டவர்களின் வாதம். இருநூறு கேசட் வந்தது. காப்பிக்குக் காப்பி எடுத்து அது எங்கெங்கோ போயிற்று. இப்போது ஒரு நிறுவனம் அதை இசைத்தட்டாக மறுபடி கொண்டுவருகிறது. உறைக்குள் வைக்க, ஒரு விமர்சகர் பதினான்கு பக்கக் கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ரம்பத்தின் வலது கை ‘காலத்தின் மீதே தொடுக்கப்பட்ட வன்முறை’ என்றும், அந்த வேகம் ‘ஒரு தலைமுறையின் ஒடுக்கப்பட்ட சினத்திலிருந்து’ பிறந்தது என்றும் அதில் இருக்கிறது. அது தளர்ந்துபோன ஒரு ரப்பர் வளையத்திலிருந்து பிறந்தது என்று இப்போது தெரிந்துவிட்டதால், குறைந்தது ஒன்பது பக்கத்தை வெட்ட வேண்டியிருக்கும்.

இதில் சிரிப்பதற்கு நிறைய இருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் சிரிக்கவும் செய்தார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேசட் வெளிவந்த பிறகு நடந்தது இதுதான். நான்கு பேரும் அதைப் போட்டுக் கேட்டு வாய் பிளந்தார்கள். இவ்வளவு வேகமாகவா வாசித்தோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதை நம்பினார்கள். பத்தொன்பது வயதில் தன்னைப் பற்றிய நல்ல செய்தி எதையும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. மேடையில் அதே வேகத்தில் வாசிக்க வேண்டுமே என்று தினமும் ஆறு மணி நேரம் கேசட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகினார்கள். வேகத்தோடு சேர்ந்து ஏறிப்போயிருந்த அதன் சுருதியை எட்ட, கம்பிகளை முறுக்கிக்கொண்டே போனார்கள். வாரத்துக்கு இரண்டு கம்பி அறுந்தது. ரம்பத்தின் மணிக்கட்டு வீங்கி, சோற்றைப் பிசைய முடியாமல் இடது கையில் கரண்டி பிடித்தார். எட்டு மாதம் இழுத்துப் பிடித்து, ஒரு நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டில் கை நின்றுபோயிற்று. மூன்றாம் நாள், ‘உடல்நிலை காரணமாக’ என்று தொடங்கி ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடியும் ராஜினாமாக் கடிதத்தைக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஒரு மெட்டல் குழுவிலிருந்து ஒப்புகைச் சீட்டோடு விலகியவர் வேறு யாராவது இருக்கிறாரா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் தொட்டது எதுவும் கிட்டார் அல்ல. ரேடியோக் கடையில் விளையாட்டுப்போல அப்படி வாசித்த பையனிடம் என்னவோ இருந்தது, அது எட்டே மாதத்தில் தன்னிடமிருந்து போய்விட்டது என்பதுதான் அவர் தன்னைப் பற்றி வைத்திருந்த கணக்கு. அதன் பிறகு கிடைத்த வேலை, கல்யாணம், பதவி உயர்வு எல்லாம் அந்தப் பையன் போன பிறகு வந்து சேர்ந்தவை.

“சரியான வேகத்துல போடும்மா,” என்றார்.

அவள் போட்டாள். முதல் பாட்டு, ஐம்பதுக்கு இறக்கியது. கதவு உடையவில்லை. யாரோ மணியடித்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார்கள். பாடகனின் குரல் தடித்து, பயமும் திமிரும் வடிந்து, வகுப்பில் வருகை சொல்லும் குரலாக இருந்தது. மூன்றாவது பாட்டில் குச்சி விழுந்தது, பொறுப்பாகக் குனிந்து எடுத்துக்கொண்டாற்போல மறுபடி ஆரம்பித்தது.

“நல்ல பசங்க,” என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். “பொண்ணு குடுக்கலாம்.”

“அப்பா, சும்மா இருங்க.”

ஆய்வாளர் கிட்டாரை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். இதை அவர் இப்போதே வாசிப்பார். ஐம்பது வயதில், மூக்குக் கண்ணாடியோடு, பத்து நாள் பழகினால் போதும். அந்தப் பையனிடம் என்னவோ இருந்தது என்று நினைத்தாரே, அது அவனிடம் இருந்ததே இல்லை. போனதாக நினைத்தது வந்ததே கிடையாது. இப்படித் தெரியவந்தால் மனிதனுக்கு ஆறுதலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். அவருக்கு யாரோ வீட்டுக்குள் புகுந்து, பீரோவில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாற்போல இருந்தது.

“அப்ப நான் எதுக்குடா குழுவை விட்டுப் போனேன்?” என்றார்.

டிரைவிங் ஸ்கூல்காரரிடம் இதற்கு ஒரு கிண்டல் தயாராக இருந்தது. நண்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டார்.

மேசையில் நிறுவனத்தின் படிவம் இருந்தது. எந்த வேகத்தில் வெளியிடுவது என்று நான்கு பேரும் ஒப்புதல் தர வேண்டும். வேறு ஊர்களில் இருந்த பாடகரும் பேஸ் கிட்டார்காரரும் ‘எதுவானாலும் ஓகே’ என்று மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். ஆய்வாளர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். “சரியான அளவு எதுவோ அதையே போடு. கூடுதலா காட்டி ஏமாத்துறது குத்தம்,” என்றார்.

“ஒரு நிமிஷம் மாமா. அம்மா பீரோவுல இன்னொரு கேசட்டு கிடைச்சுது. அப்பாவுக்கே தெரியாது.” அவள் அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். “கல்யாணத்துக்கு முன்னாடி, நீங்க வாசிச்ச ஒரு புரோகிராமுக்கு அம்மா வந்திருக்காங்க. கைப்பைக்குள்ள சின்ன ரெக்கார்டர் வெச்சு எடுத்திருக்காங்க. யூனியன் ஹால்ல, சனிக்கிழமை மத்தியானம்.”

“வேணாம்மா,” என்றார் ஆய்வாளர். அது அவர் கை நின்றுபோன நிகழ்ச்சி.

“இரைச்சலைப் பாத்துட்டேன். அம்பது. கொஞ்சமும் பிசகல. அதாவது இதுல கேக்குறதுதான் நிஜ வேகம்.” அவள் விசையைத் தட்டினாள். “இது ஆல்பத்தவிட ரெண்டு பர்சென்ட் அதிகம் மாமா.”

முதலில் கைப்பையின் உள்துணி உரசும் சத்தம். ஒரு இருமல். பிறகு அது வந்து விழுந்தது. கதவு, நிலை, சுவர் எல்லாம் சேர்ந்து. யாரும் பெல்ட்டைத் தளர்த்தவில்லை. நான்கு பையன்கள், தாங்கள் ஏற்கெனவே செய்துவிட்டதாக நம்பிய ஒன்றை, யாருமே அதுவரை செய்திராத ஒன்றை, உடம்பால் செய்துகொண்டிருந்தார்கள். டிரம்ஸ் ஓடியது. அதைப் பின்னாலிருந்து விரட்டிக்கொண்டு கிட்டார் ஓடியது. கம்பியில் ஒவ்வொரு வெட்டும் மேலிருந்து கீழே, மேலும் கீழுமாக அடித்துச் சமாளிக்கும் ஏமாற்று ஒன்றுகூட இல்லை. அந்தக் கை வீங்கியிருந்தது என்பதும், அதற்கு வலித்தது என்பதும், சாயங்காலம் அது கரண்டியைக்கூடப் பிடிக்காது என்பதும் உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், வாய் லேசாகத் திறந்திருக்க, உட்கார்ந்திருந்தார். தினமும் நாற்பது பேரிடம் மெதுவாப் போ, மெதுவாப் போ என்று சொல்லும் டிரைவிங் ஸ்கூல்காரரின் வலது கால், தரையில் இல்லாத பெடலை மிதித்துக்கொண்டிருந்தது.

கடைசிப் பாட்டில் அந்த இடம் வந்தது. கிட்டார் தடுமாறி, நின்றது. ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டார். நின்றதுதான் அவருக்கு ஞாபகம், முப்பது வருடமாக அது மட்டும்தான் ஞாபகம். டேப்பில் அந்த நிற்றல் இரண்டு நொடி இருந்தது. மூன்றாவது நொடியில் கிட்டார் திரும்ப வந்து விழுந்தது. சுருதி விலகி, ஒரு கம்பி இல்லாமல், முன்னைவிட வேகமாக, பாட்டு முடியும்வரை நிற்கவே இல்லை.

“நான் திரும்ப வாசிச்சேனா?” என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

“வாசிச்சிருக்கீங்க மாமா.”

பாட்டு ஒரு நீண்ட ஊளையாகத் தேய்ந்தது. அதனடியில் அந்த ஐம்பது அதிர்வு ‘ம்ம்’ என்று சீராக இருந்தது. அங்கங்கே கைதட்டல், பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். படிவம் கையெழுத்தில்லாமல் அப்படியே கிடந்தது. மூவரும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதிலிருந்து இன்னும் ஏதோ வரவேண்டியிருப்பதைப் போல. வந்தது. ஹாலில் யாரோ மைக்கை வாங்கி இரண்டு தரம் தட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வாசல்ல பச்சைக் கலர் ஸ்கூட்டர் ஒண்ணு வழிய மறிச்சு நிக்குது. தண்ணி லாரி உள்ள வர முடியல. வண்டிக்காரர் உடனே வந்து எடுக்கவும்.”

அது அப்போது ஆய்வாளர் வைத்திருந்த வண்டி.