ஆள் வரம்பு நான்கு

கோவிந்தராஜனைத் தேச வீரர் ஆக்குவதென்று முடிவு செய்துகொண்டு மூன்று பேர் மராத்தி பேசும் நிக்டியில் அவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். 2003ஆம் வருஷம், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. மூவருக்கும் தலைமை ரவிசந்திரன். சென்னையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், சாங்வியில் குடியிருப்பவன், அந்த வட்டாரத் தமிழ் மன்றத்துக்குப் புதுச் செயலாளர். புதுச் செயலாளர்களுக்கு வருகிற வேகம் அவனுக்கும் வந்திருந்தது.

"குடியரசு தினத்துக்கு ஒரு தேச வீரரை மேடையேத்தணும்னு முடிவு பண்ணோம் சார். யாருன்னு மூணு மீட்டிங் சண்டை. ஒருத்தர் கிரிக்கெட்டுங்கறார், ஒருத்தர் விஞ்ஞானிங்கறார், கார்கில்ல சண்டை போட்டவங்கன்னு ஒரு கட்சி. நான் எழுந்து கேட்டேன், அவங்க சுட்ட குண்டை யார் சார் நிரப்பினாங்க? இங்கேயே, நம்ம ஆள் ஒருத்தர், எரியற ஷெட்டுலேர்ந்து மூணு பேரை வெளியே தள்ளிக் காப்பாத்தியிருக்கார். அவரை விட்டுட்டு யாரைத் தேடறீங்கன்னேன். அவ்வளவுதான், ஹாலே கப்சிப்."

கோவிந்தராஜன் வாய் திறக்கவில்லை. அடக்கம் என்று ரவிசந்திரன் எடுத்துக்கொண்டான். இத்தனை வருஷமும் ஊரே அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அவரோ தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் மூன்று, தான் ஒன்று. ஆக, நாலு.

"வனஜா, நீயும் வந்து உக்காரேன்" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். வந்தவர்களுக்கு அது அன்பாகக் கேட்டது. அவருக்குத்தான் தெரியும், அது கெஞ்சல்.

வனஜா தட்டோடு வந்தாள். தட்டில் ஐந்து காபி. ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

"இன்னொருத்தர் எங்க? ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தாரே?"

"மூணு பேர்தான் மாமி வந்தோம்" என்றான் ரவிசந்திரன் சிரித்துக்கொண்டே.

"எனக்குக் கண்ணு போச்சு" என்று அவளும் சிரித்தாள். டம்ளரை ஜன்னலோரக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். எல்லாரும் கிளம்பின பிறகு அதை எடுக்கும்போது காலியாக இருந்தது. விளிம்பில் மஞ்சளாக ஒரு விரல் தடம். சாம்பாருக்கு மஞ்சள் போட்ட கையோடு தொட்டுவிட்டோம் போல என்று வனஜா தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அது போகவில்லை.

கோவிந்தராஜன் அந்த மஞ்சளை அறிந்தவர். வெடிமருந்தோடு ஆறு மாதம் புழங்கியவன் கையில் ஏறுகிற மஞ்சள் அது. எந்தச் சோப்புக்கும் மசியாது.

பக்கத்து ராணுவ வெடிமருந்து ஃபேக்டரியில் அவர் சார்ஜ்மேனாக இருந்தார், அதாவது ஷெட்டுக்குப் பொறுப்பு. ஒவ்வொரு ஷெட் கதவிலும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று. மேன் லிமிட் என்பார்கள். நிரப்பும் ஷெட்டுக்கு நாலு. கதவருகே ஒரு பலகை, அதில் நாலே நாலு ஆணி. உள்ளே போகிறவன் தன் பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவன் வெளியே போக வேண்டும், பெரிய அதிகாரியே வந்தாலும் சரி. ஏதாவது ஆகிவிட்டால் சாகிறவர்கள் நாலு பேரோடு நிற்கட்டும் என்று யாரோ கணக்குப் போட்டு வைத்த விதி. கேட்க நன்றாக இல்லைதான், ஆனால் நல்ல விதி.

1994 மார்ச் கடைசி வாரம். கணக்கு வருஷக் கடைசி, உற்பத்தி இலக்கை எட்டவில்லை, மேலேயிருந்து நெருக்கடி. கோவிந்தராஜன் காலையிலேயே பக்கத்துப் பேக்கிங் ஷெட்டுக்குப் போய் மாடசாமியைக் கூப்பிட்டார். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் கை குடு மாடசாமி, யாரும் பாக்க மாட்டாங்க." மாடசாமி திருநெல்வேலிப் பக்கத்து ஆள், எதற்கும் முகம் சுளிக்காதவன். வந்தான். மாட்ட ஆணி இல்லாததால் அவன் டோக்கன் பேக்கிங் ஷெட் பலகையிலேயே தொங்கியது.

மூன்று மணிக்கு மூலையில் புகை வந்தது. முதலில் பார்த்தவன் மாடசாமி. உள்ளே இருந்த மூன்று தொழிலாளர்களையும் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினான், நாலாவதாகக் கோவிந்தராஜனை. நெருப்பு அடுத்த ஷெட்டுக்குத் தாவக்கூடாதென்று கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தினான். அவ்வளவுதான்.

விசாரணையில், உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார்கள். மூன்று தொழிலாளர்களும் சார்ஜ்மேன் முகத்தைப் பார்த்தார்கள். அவர் "நாலு" என்றார். அவர்களும் "நாலு" என்றார்கள். நாலு டோக்கனும் அதையே சொல்லின. அப்படியானால் மாடசாமி எப்படி அங்கே செத்தான்? அனுமதியின்றி நுழைந்தவர் என்று எழுதி ஃபைலை மூடினார்கள். ஃபேக்டரி வாசல் நினைவுக்கல்லில் அவன் பெயர் இல்லை, அவன் மனைவி பவுனுக்கு வாரிசு வேலை இல்லை. கேம்ப் என்று சொல்கிற கண்டோன்மென்ட்டில் ஒரு மெஸ்ஸில் சப்பாத்தி தேய்த்து அவள் பிழைத்தாள். மூன்று பேரைக் காப்பாற்றியவர் யாரென்று ஊர் தானாகவே முடிவு செய்துகொண்டது. நான்தான் என்று கோவிந்தராஜன் ஒரு நாளும் சொன்னதில்லை. நானில்லை என்றும் சொன்னதில்லை. பல பேருடைய யோக்கியம் இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் குடித்தனம் நடத்துகிறது.

அன்றிலிருந்து அவர் இருக்கும் இடத்தில் நாலு பேர் கூடினால் மாடசாமி வந்துவிடுவான். மூன்று பேர் இருந்தால் ஒன்றுமில்லை, ஆறு பேர் இருந்தாலும் ஒன்றுமில்லை. நாலு என்றால் மட்டும் வரம்பு மீறி ஒரு மூச்சு கூடுதலாகக் கேட்கும். மகளும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தால் வனஜா தன்னையறியாமல் ஐந்து தட்டு வைப்பாள். "எனக்கு நியூஸ் பாக்கணும்" என்று இவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு ஓடுவார். சீட்டாட்டத்தை விட்டார். லிஃப்டில் மூன்று பேர் இருந்தால் படியேறிப் போனார். ஒரு சார்ஜ்மேன், ஷெட்டில் பார்க்காத மேன் லிமிட்டை மிச்ச வாழ்க்கை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அழைப்பிதழுக்குப் படம் வேண்டுமென்று ரவிசந்திரன் அவரைக் கேம்ப்புக்குக் கூட்டிப் போனான். ஸ்டுடியோவில் அதே மூன்று பேர், நடுவில் இவர். ஃபோட்டோகிராபர் கேமராவுக்குள் பார்த்தபடி கையை ஆட்டினான்.

"ஓ பீச்சே வாலே பாயி, தோடா ஆகே ஆவோ."

பின்னால் இருக்கிறவர் முன்னால் வரட்டுமாம். ரவிசந்திரன் திரும்பிப் பார்த்தான். நீலத் திரைதான் இருந்தது. ஃபோட்டோகிராபர் நிமிர்ந்தான், மறுபடி குனிந்து பார்த்தான், லென்ஸைத் துடைத்தான், பேசாமல் பொத்தானை அழுத்தினான்.

படம் வந்தபோது நாலு பேர்தான் இருந்தார்கள். ஆனால் தோளோடு தோள் ஒட்டி நின்றவர்கள், படத்தில் அப்படி இல்லை. கோவிந்தராஜனுக்கு வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. "கட் பண்ணி ஒட்டிடலாம் சார், கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷம்" என்றான் ரவிசந்திரன். பிறகு உற்சாகமாக இன்னொன்று சொன்னான்.

"ஒரு சர்ப்ரைஸ் சார். அந்த விபத்துல இறந்துபோனாரே மாடசாமின்னு, அவரோட மனைவியைக் கண்டுபிடிச்சிட்டேன். இங்கதான் மெஸ்ல இருக்காங்க. அவங்க கையால உங்களுக்குப் பொன்னாடை. என்ன சொல்றீங்க?"

கோவிந்தராஜன் படத்தைக் கவிழ்த்து வைத்தார். "அவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"உடனே ஒத்துக்கிட்டாங்க சார். வரேன்னு ஒரே வார்த்தை."

வர மாட்டேன் என்று சொல்லிவிட அவருக்கு ஆறு நாள் இருந்தது. காய்ச்சல், மூட்டுவலி, ஊரில் சாவு என்று ஆயிரம் சாக்கு கிடைக்கும். அவர் போனார். வீரரென்ற பெயர் இனித்ததா, அவள் முன்னால் நிற்க வேண்டுமென்று உள்ளே ஏதோ உந்தியதா என்று கேட்டால், இரண்டும்தான். மனுஷன் ஒரே காரணத்துக்காக எங்கும் போவதில்லை.

நிக்டியில் ஒரு கல்யாண மண்டபம். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பதினோரு மணிக்கு மேடை. மன்றத் தலைவர், செயலாளர், கோவிந்தராஜன், பவுன். அவரே எண்ணிப் பார்த்தார், நாலு. மேடையில் நாற்காலிகள் ஐந்து இருந்தன.

"நாலுதானே போடச் சொன்னேன்?" என்று ரவிசந்திரன் மண்டபத்து ஆளிடம் கிசுகிசுத்தான். அந்த ஆள் மேடையைக் காட்டி, "பாஞ்ச் லோக் ஹை நா, சாப்" என்று, அஞ்சு பேர் இருக்கிறார்களே என்பதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஐந்தாவது நாற்காலி கோவிந்தராஜனுக்கும் பவுனுக்கும் நடுவில் கிடந்தது. அதிலிருந்து, சுட்ட இரும்பில் தண்ணீர் பட்டாற்போல ஒரு வாடை வந்தது. யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கோபமில்லாத மூச்சு. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

தலைவர் பேசினார். நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர், நாலு பேருக்குள் ஒருவராக நின்று மூன்று பேரை மீட்டவர் என்றார். கைதட்டல். பவுன் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும், தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் எதிரில் வந்து நின்றாள். போர்த்தவில்லை. ஆடையை இரண்டு கையிலும் பிடித்தபடி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கைதட்டல் தேய்ந்து, நின்றே போயிற்று.

கோவிந்தராஜன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். பேசுவதற்கல்ல, விழாமலிருக்க. ஆனால் பேசிவிட்டார்.

"நாலு இல்லைங்க. அஞ்சு பேர். அஞ்சாவது ஆளு மாடசாமி. அவனா வரல. நான்தான் கூப்பிட்டேன். தள்ளி விட்டதும் அவன்தான், கதவைச் சாத்தினதும் அவன்தான். என்னையும் அவன்தான் தள்ளி விட்டான். நாலுன்னு நான் பொய் சொன்னேன்."

வனஜா முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "சார், உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று ரவிசந்திரன் பதறினான். தலைவர் மைக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார். தேச வீரர் யாரென்று மூன்று மீட்டிங் சண்டை போட்டவர்களில் ஒருவருக்கும் இப்போது பேச்சு வரவில்லை.

பவுன் மட்டும் அசையாமல் பேசினாள்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. மத்தியானம் சாப்பிட வந்தப்பவே சொல்லிட்டுத்தான் போனாரு, சார்ஜ்மேன் கூப்பிட்டிருக்காருன்னு. விசாரணையில சொன்னேன். ஒருத்தரும் நம்பல. நீங்க அங்கனயே தலையக் குனிஞ்சு நின்னிய."

"என்னை மன்னிச்சிருன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லம்மா." மைக்கை விட்டு விலகினார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "அவன் போகலம்மா. எங்கூடவே இருக்கான். நாலு பேர் சேர்ந்தா வந்துடறான். இப்பவும் இங்கதான் உக்காந்திருக்கான்."

பைத்தியம் என்பாள் என்று நினைத்தார். அவள் நாற்காலியைப் பார்த்தாள். முகம் கோணிக்கொண்டு வந்தது. அத்தனை நேரம் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

"ஒம்போது வருசமா ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எங் கனவுல வரல அண்ணாச்சி. செவ்வாய் வெள்ளி விளக்கேத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். என்ன கோவமோ, எங்கிட்ட என்ன குத்தமோன்னு உருகியிருக்கேன். இவ்வளவு நாளும் ஒங்க வீட்டுலயா வச்சிருந்திய?"

தான் அவன் உயிரை எடுத்துக்கொண்டது அவருக்குத் தெரியும், பெயரை எடுத்துக்கொண்டது தெரியும். இதையும் எடுத்து வைத்திருந்தது அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

பவுன் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நாளைக்கு ஃபேக்டரி ஆபீசுக்கு வாங்க. இப்ப சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடணும். வராம இருந்திராதிய."

"வரேம்மா. சத்தியமா வரேன்."

"இனிமே அவர வச்சுக்கிடாதிய. நான் கூட்டிட்டுப் போறேன்."

பொன்னாடையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. கோவிந்தராஜன் பின்னாலேயே வாசல்வரை போனார். தடுக்கவா, காலில் விழவா என்று அவருக்கே தெரியவில்லை.

ரோட்டில் கேம்ப் பக்கம் போகிற ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. "கிதி ஜண?" என்று டிரைவர் மராத்தியில் கேட்டான், எத்தனை பேரென்று.

"தோகே" என்றாள் பவுன். இரண்டு பேர்.

பிறகு, முதலில் ஒருவர் ஏறட்டும் என்று சற்று ஒதுங்கி நின்றுவிட்டு, அவளும் ஏறிக்கொண்டாள்.