முள்ளங்கி யார் பக்கம்

1

இந்தக் கதை முழுக்க என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதை போட்டவர் வாரம் ஒருமுறை என் வாசலில் காய்கறிப் பெட்டியை இறக்கிவிட்டுப் போகும் வேன்காரர். பண்ணையில் அந்தந்தப் பருவத்தில் என்ன விளைகிறதோ அதைப் பெட்டியில் அடுக்கி அனுப்புவார்கள். இது வேண்டும், அது வேண்டாம் என்றெல்லாம் நாம் சொல்ல முடியாது. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. வாழ்க்கையில் ஒரு விஷயத்திலாவது முடிவெடுக்கும் தொல்லை இல்லையே.

அன்று பெட்டியை இறக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "ஒரு வீட்ல அண்ணியும் நாத்தனாருமா ஒரே பெட்டிய வாங்கிப் பிரிச்சுக்குவாங்க. ஒருத்தங்க கூறு போடுவாங்க, இன்னொருத்தங்க எடுத்துக்குவாங்க. பார்க்கவே நல்லா இருக்கும். போன வாரம் வச்ச பெட்டி அப்படியே கிடக்குது. யாருமே தொடல."

"அப்புறம்?" என்றேன்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. வேன் கிளம்பிவிட்டது. அடுத்த வாரம் கேட்டிருக்கலாம், சொல்லியும் இருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

2

முதல் வரிக்கு மட்டும் நான் பட்ட பாட்டைப் பாருங்கள்.

"மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், படிக்கட்டின் திருப்பத்தில், தன்னந்தனியாக ஒரு பெட்டி—"

வேண்டாம். பெட்டிக்கு ஏது தனிமை?

"கீரை வாடிய வாசனை முதலில் வந்தது. பிறகுதான் அவளுக்கு அழுகை—"

இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே அழ வைத்தால் கடைசி வரைக்கும் யார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பது? நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் காதுக்கும் மூக்குக்கும் தோதாகப் பிரேமை வளைத்துக் கொடுப்பாள். இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறாள். அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் அவளுடைய அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள்.

அண்ணி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். (இது அடிக்குறிப்பில் வர வேண்டியது: வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களிடம் நாள் முழுக்கச் சிரித்துப் பேசிவிட்டு வருவதால், வீட்டுக்குள் நுழைந்ததும் கொஞ்ச நேரம் அண்ணி யாரிடமும் பேச மாட்டாள். புருஷன் வாயைத் திறந்தாலும் ஒரு முறைப்பு விழும். அந்த நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச உரிமை பெற்றிருந்த ஒரே ஆள் நாத்தனார்தான்.)

பெட்டி ஒரு வீட்டுக்குப் பெரியது, இரண்டு வீட்டுக்குச் சரியாக இருக்கும். கீழே வைத்தால் பூனை குடைந்துவிடுகிறது, இரண்டாவது மாடி வரை தூக்க வேன்காரரின் முதுகு இடம் கொடுப்பதில்லை. எனவே முதல் மாடித் திருப்பத்தில் வைத்துவிட்டு ஒரு குரல் கொடுப்பார். இவள் இறங்கி வருவாள், அண்ணி ஏறி வருவாள். படியில் உட்கார்ந்து அங்கேயே பிரிப்பார்கள். இவள் இரண்டு கூறு போடுவாள், அண்ணி ஒன்றை எடுத்துக்கொள்வாள். கூறு போட்டவள் எடுக்கக் கூடாது, எடுக்கிறவள் கூறு போடக் கூடாது. இந்தச் சட்டத்தை இயற்றியவன் அண்ணன்.

"நீங்க ரெண்டு பேரும் மோதிக்கிட்டா நடுவுல நசுங்கப் போறது நான்தானே" என்றான்.

மோதவேயில்லை. அண்ணியும் நாத்தனாரும் என்றால் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று நம்பி வந்த வாசகர் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், கோபிக்க மாட்டேன்.

அவளுக்கு வருஷங்கள் நினைவில் நிற்பது பெட்டியை வைத்துத்தான். தக்காளி கொட்டிய வருஷம் ஒன்று: வாராவாரம் தக்காளி, பெட்டி நிறையத் தக்காளி. இரண்டு சமையலறையிலும் சுவர் வரைக்கும் சிவப்புத் தெறித்தது, கட்டடமே தக்காளி வாசனை அடித்தது. ஒரு மழைக்காலத்தில் கீரைக்கட்டுக்குள்ளிருந்து நத்தை ஒன்று தலைநீட்டியது. அண்ணி போட்ட கூச்சலில் மூன்றாவது மாடி வாத்தியார் வாய் நுரையோடு பிரஷைப் பிடித்தபடி ஓடி வந்தார். இன்னொரு தடவை பெட்டியைத் திறந்தால் ஒற்றைப் பூசணிக்காய், வேறொன்றும் இல்லை. இதை எப்படிக் கூறு போடுவது? அண்ணன் ரம்பம் எடுத்து வந்து அறுத்தான். படியெல்லாம் விதை. அதில் வழுக்கி அவனே விழுந்தான், இரண்டு பெண்களும் தூக்கிவிடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

(நான் கட்டிய படிக்கட்டுதான். இருந்தாலும் இந்த இடத்தை எழுதும்போது எனக்கே அங்கே போய் நாலாவது ஆளாக உட்கார வேண்டும் போலிருக்கிறது. அந்த நாள் இனி வராது என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் போய்ச் சொல்லவும் முடியாது.)

முள்ளங்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது இவள் நாக்குக்கும் ஆகாது, அண்ணிக்கும் ஆகாது. அண்ணனுக்கு முள்ளங்கி என்றால் உயிர். கழுவி, உப்பைத் தொட்டுக்கொண்டு பச்சையாகவே கடிப்பான். ஆகவே முள்ளங்கி வரும் மாதங்களில் இவள் அதை மொத்தமாக ஒரே கூறில் வைப்பாள். வைத்த பாவத்துக்கு அதே கூறில் நல்ல தக்காளியாக நாலைத் தள்ளிவிடுவாள். அண்ணி பார்க்கக்கூட மாட்டாள், அந்தக் கூறை அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள்.

4

[இந்த இடத்தில் அண்ணனைப் பற்றி ஒரு பெரிய பத்தி இருந்தது. அதில் அவன் குடித்தான், கை நீட்டினான். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. கெட்டவனாக எழுதிவிட்டால் எனக்கு வேலை மிச்சம், ஆனால் அவளுக்கு அவனை வெறுப்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.]

வேறு ஊரில் வேறொருத்தியோடு அவனுக்குப் பழக்கம் இருந்தது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? (காய்கறிக் கதையில் காய்கறிப் பழமொழி போடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். வேறெதுவும் இவ்வளவு பொருந்தவில்லை.) ஒரு நாள் அவன் பெட்டி படுக்கையோடு போய்விட்டான். விவாகரத்து வழக்கு நடந்தது, தீர்ப்பும் வந்தது. அண்ணி அழவில்லை. அழுததெல்லாம் இவள்தான்.

முதலில் அண்ணன் போன் செய்தால் இவள் எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அதுதான். எடுத்ததை அண்ணியிடம் சொல்லவில்லை.

5

அந்தப் பருவத்தின் முதல் முள்ளங்கி வந்த நாள். வேன்காரர் குரல் கொடுத்தார், இவள் இறங்கி வந்தாள். பெட்டியைத் திறக்கும்போதே போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டு பேசியபடியே கூறு போட்டாள்.

"சாப்பிட்டியாண்ணா? இருமல் எப்படி இருக்கு? சரி, அப்புறம் பேசறேன்."

திரும்பினால் நாலு படி கீழே அண்ணி நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

அண்ணி இரண்டு கூறையும் பார்த்தாள். இவளும் அப்போதுதான் பார்த்தாள். ஒரு கூறில் முள்ளங்கி மொத்தமும் இருந்தது, பக்கத்தில் நல்ல தக்காளியாக நாலு.

"இது யாருக்கு?" என்றாள் அண்ணி.

"ஐயோ அண்ணி, கைப்பழக்கம்... பேசிக்கிட்டே வச்சுட்டேன். இருங்க, மாத்தறேன்."

"தொடாதே. கூறு போட்டாச்சில்ல? எடுக்கறது என் பாடு."

அண்ணி குனிந்தாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அடுத்த கூறை எடுத்தாள்.

"உன் அண்ணன்தானே. நீயே வச்சுக்கோ."

(இந்த வசனம் நான் எழுதி வைத்ததல்ல. "பரவாயில்லை விடு" என்றுதான் அண்ணிக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் அதைச் சொல்ல மறுத்துவிட்டாள். இரண்டு தடவை மாற்றிப் பார்த்தேன், சரிப்பட்டு வரவில்லை. அவள் பக்கம்தான் நியாயம்.)

6

அடுத்த வாரப் பெட்டியைத்தான் யாரும் தொடவில்லை. இவள் இரண்டு தடவை படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தாள். கீரை தொங்கிப்போயிருந்தது. தான் மட்டும் போய்த் திறந்தால் அது பிரிப்பது ஆகாது, அபகரிப்பது ஆகும் என்று தோன்றியது. திரும்பிப் போய்விட்டாள்.

அவளுடைய பயம் இதுதான், மூடி மறைக்க ஒன்றுமில்லை. அண்ணன் வழியாக வந்தவள் அண்ணி. அண்ணன் போன பிறகு அவள் யார்? கீழ்வீட்டுக்காரி. காய் பிரிப்பதும் நின்றுவிட்டால், போய்ப் பக்கத்தில் உட்கார என்ன சாக்கு இருக்கிறது? அண்ணன் போனதைக்கூடத் தாங்கிவிட்டாள். அண்ணியும் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதற்கடுத்த வாரம் வேன்காரர் திருப்பத்தில் நின்று மேலேயும் கீழேயுமாகக் கத்தினார்.

"அக்கா! பண்ணையில இப்ப ஒத்த ஆளுக்குன்னு சின்னப் பெட்டி போடறாங்க. அடுத்த பருவத்துக்கு உங்களுக்கு ஒரு பெரிசா, ரெண்டு சின்னதா? இன்னைக்கே சொல்லிடுங்க, விதைக்கறதுக்கு முன்னாடி கணக்கு வேணுமாம்."

கீழே கதவு திறந்தது. அண்ணியின் குரல் வந்தது. "மேல இருக்கறவங்களையே கேளுங்க."

மேல இருக்கறவங்க. இவள் கைப்பிடிக்கு வந்தாள்.

7

இப்போது முடிவு. மூன்று வழி இருந்தன.

முதலாவது: இரண்டு சின்னப் பெட்டி. ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். படியில் எதிர்ப்பட்டால் "நல்லா இருக்கீங்களா?" என்று—

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. உலகத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான் நடக்கிறது என்பதற்காக நானும் அதைச் செய்ய வேண்டுமா?

இரண்டாவது: பெரிய பெட்டி. அண்ணி ஏறி வருகிறாள், கட்டிக்கொள்கிறார்கள், அழுகை, சிரிப்பு, சுபம். எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கும்போதுதான் உறைத்தது, நாளைக்கும் அண்ணன் போன் செய்வானே? இவள் எடுக்கத்தானே செய்வாள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுச் சுபம் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது என் வீட்டில் கிடைத்த யோசனை. "அண்ணனைத் திரும்பக் கூட்டிட்டு வந்துடேன், பாவம்."

"யார் பாவம்?" என்றேன். குக்கர் மட்டும் விசில் அடித்தது.

8

இந்தக் கதையில் யாருக்கும் பெயர் வைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சோம்பலால் அல்ல. அவளுக்கு அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. அவளுக்கு வராத பெயரை நான் எப்படி எழுதுவது?

இப்போது அவள் இரண்டாவது மாடிக் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து நிற்கிறாள். நேர்க் கீழே அண்ணியின் வகிடு தெரிகிறது. நடுவில் வேன்காரர். எந்தப் பெட்டி என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அது அவளுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பதில் வேன்காரருக்கு அல்ல. கீழே நிற்கிறவளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கூப்பிட ஒரு சொல் வேண்டும்.

"அண்ணி" என்றால் கூடவே அண்ணனும் வந்து நடுவில் நிற்கிறான். "அக்கா" என்றால், இத்தனை நாள் இருந்ததெல்லாம் என்ன ஆயிற்று? பெயர் சொன்னால் வழியில் போகிறவள் கூப்பிட்டது போலிருக்கும். அவள் வாயைத் திறந்துவிட்டாள். நானும் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் சொல் இல்லை.

உங்களிடம் இருக்கும். உறவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாமல் போன பிறகும் விட மனசில்லாமல் நீங்கள் யாரையோ கூப்பிட்டிருப்பீர்கள், அல்லது கூப்பிடாமல் விட்டிருப்பீர்கள். அந்தச் சொல்லைக் கொடுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், கீழே அண்ணி கதவைச் சாத்தத் திரும்பிவிட்டாள்.