போகும் பக்கம்

"எழும்பி நிக்காதேங்கோ பெரியத்தான்!"

நேசமலரின் குரல் முன் வள்ளத்துக்கு எட்டவில்லை. மார்கழிக் காற்று பிடுங்கிக்கொண்டு போயிற்று. அப்புத்துரை துடுப்பு வலிக்க, மயில்வாகனத்தார் நின்றுகொண்டேதான் வந்தார். கிராமச்சபைச் சேர்மன், தம்பியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகையில் குந்திக்கொண்டா போவது? தோளில் சால்வை, கையில் செங்கோல்போல ஒரு துடுப்பு.

வெள்ளம் தெருவை அறுத்துவிட்டது. இரணைமடுக் குளத்தைக் குறுக்கே கடந்தால் அக்கரையில் லொறி நிற்கும், வவுனியாவுக்குப் போய்விடலாம். பின் வள்ளத்தில் தம்பி பாலன் மனைவி நேசமலரின் மடியில் தலைவைத்துக் கிடந்தான். காய்ச்சலில் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. பின்னாலிருந்து அவளுடைய அண்ணன் யோகலிங்கம் வலித்தான்.

குளத்தில் காற்றடித்தால் கைதான் வாய். துடுப்பை நிமிர்த்தினால் 'வா'; தலைக்குமேல் குறுக்கே பிடித்தால் 'நில்'. இவ்வளவும் சேர்மனுக்கும் தெரியும். தெரியாதது ஒன்று: நீட்டிக் காட்டுவது போகும் பக்கத்தை மட்டும்தான். தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும் குத்தியை, பட்டமரத்தின் அடிக்கட்டையை, எவரும் காட்டமாட்டார்கள். வெள்ளப் பாதுகாப்புக் கூட்டத்தில் பாலன் இதைச் சொல்ல எழும்பினான். தலைமையுரை முடியவில்லையென்று அண்ணர் இருத்திவிட்டார். அதன்பிறகும் அது முடியவில்லை.

இப்போது மயில்வாகனத்தார் இடப்பக்கமாகத் துடுப்பை நீட்டி நீட்டி ஆட்டினார். வாய் பெரிதாகத் திறந்து மூடியது.

யோகலிங்கம் இடப்பக்கம் திருப்பினான்.

"அண்ணை, அவர் வழியைக் காட்டுறாரோ, குத்தியைக் காட்டுறாரோ?"

"ஆருக்குத் தெரியும்? மேடையிலயும் இப்பிடித்தானே ஆட்டுறவர்!"

போர்வைக்குள்ளிருந்து பாலனின் கை வெளியே வந்து வலப்பக்கமாக நீண்டது.

"தண்ணி வேணுமே?" குனிந்தாள்.

"அண்ணர்... குத்தியைத்தான்..."

கை மடங்கவில்லை.

"அண்ணை, வலப்பக்கம்! கெதியா!"

வள்ளம் சரிந்து திரும்பியது. இடப்பக்கத்தை உரசிக்கொண்டு, கறுத்துப்போன குத்தியொன்று தண்ணீருக்கடியில் பின்னே நழுவிற்று.

"தப்பிட்டம், இஞ்சாருங்கோ, தப்பிட்டம்."

நீட்டிய கை வள்ளத்தின் விளிம்பில் கிடந்தது. விரல் நுனிகளை அலை தொட்டுத் தொட்டுப் போயிற்று. அவள் அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவன் நெஞ்சைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

முன்னே, தன் சைகை பலித்த பெருமையோடு மயில்வாகனத்தார் துடுப்பை நிமிர்த்திப் பிடித்தார்.

நேசமலர் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். யோகலிங்கம் வலிப்பதை விட்டான். துடுப்பை மெல்லத் தூக்கி, தலைக்குமேல் குறுக்கே பிடித்தான்.

தூரத்தில், மயில்வாகனத்தார் வள்ளத்துக்குள் குந்தினார்.