ராத்திரி வரிசை

ராத்திரி ஒரு மணிக்கு வாஷிங் மெஷின் தானாக ஓட ஆரம்பிக்கும். லொரேனின் கணவன் க்ளைவ் படுக்கப் போகும்முன் அப்படி நேரம் குறித்து வைத்துவிடுவான். அவர்கள் மீட்டருக்கு இரண்டு கட்டணம். நள்ளிரவுக்குப் பிறகு ஏழு மணி நேரம் மின்சாரம் மலிவு. மெஷின் பிழிய ஆரம்பித்ததும் லொரேனுக்கு விழிப்பு வந்துவிடும். கீழ் வீட்டு மிஸஸ் அக்ராய்டுக்கும் வந்துவிடும். துடைப்பக் கட்டையால் சீலிங்கை இடிப்பார். அதன்பின் லொரேனுக்குத் தூக்கம் வராது. ஐந்து மணிக்கு எழுந்து பள்ளிச் சமையலறைக்குக் கிளம்ப வேண்டும். ஹாலிஃபாக்ஸில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே கதை.

அந்த நவம்பரில் மின்சார ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. வேறு கம்பெனியில் ஒற்றைக் கட்டணத்துக்கு மாறிவிடலாம் என்றாள் லொரேன். அதில் இரவும் பகலும் ஒரே விலை, பகலிலேயே துவைக்கலாம். க்ளைவ் கட்டணங்களை ஒப்பிடும் இணையதளம் ஒன்றைத் திறந்து காட்டினான். இரட்டைக் கட்டணமே லாபம் என்றது அது. அவள் தன் போனில் இன்னொரு தளத்தைத் திறந்தாள். ஒற்றைக் கட்டணமே லாபம் என்றது.

"உன்னுது புளுகுது," என்றான் க்ளைவ்.

"உன்னுது புளுகலைன்னு எப்படித் தெரியும்?"

எது சரியோ அதன்படி செய்வதென்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் அவள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷத்துக்கு மெஷின் ராத்திரிதான் ஓடும்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் தேநீரோடு உட்கார்ந்தாள். ஒரே வீடு, ஒரே மீட்டர். இரண்டு பதில் எப்படி வரும்? கோபம் எங்கோ போய்விட்டது. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் மிஞ்சியது. இரண்டு தளத்திலும் அதே விவரங்களைக் கொடுத்துப் பார்த்தாள். விடை அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருந்தது. மின்சாரத்தில் பாதியை இரவில் செலவழிப்பதாக க்ளைவின் தளம் தானாகவே வைத்துக்கொண்டது. அவளுடையது கால் பங்கு என்று வைத்துக்கொண்டது. இரண்டும் இந்த வீட்டைப் பார்த்ததில்லை.

க்ளைவ் பழைய பில்லை எடுத்து வந்தான். பாதிக்கு மேல் இரவுக் கணக்கில்தான் இருந்தது. அவன் முகத்தில் வெற்றி.

லொரேன் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ராத்திரி தூங்கிட்டுல்ல இருக்கோம் க்ளைவ்? ஒரு மெஷின் தனியா அவ்வளவு தின்னுமா?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டு டிவி பார்க்கப் போனான்.

படுக்கும்முன் வாசலருகே இருந்த அலமாரியைத் திறந்து மீட்டரைப் படித்தாள். மேலே பகல் கணக்குக்கு ஓர் எண் வரிசை, கீழே ராத்திரி வரிசை. காலையில் கோட்டு போட்டுக்கொண்டே மறுபடி படித்தாள். ராத்திரி வரிசை அசையவேயில்லை. பகல் வரிசை ஏறியிருந்தது. தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் படித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

மத்தியானம் வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கெட்டிலைப் போட்டாள், மின்சார அடுப்பைப் போட்டாள், அலமாரி முன் மண்டியிட்டாள். ராத்திரி வரிசையின் கடைசிச் சிவப்புச் சக்கரம் மெல்ல உருண்டுகொண்டிருந்தது. மேல் வரிசை கல்லாக நின்றது. போய் எல்லாவற்றையும் அணைத்தாள். சிவப்புச் சக்கரம் நின்றது. திரும்பப் போட்டாள். உருண்டது.

மீட்டருக்குப் பக்கத்தில், இரவு பகல் கட்டணத்தை மாற்றிவிடும் ஒரு சிறிய பெட்டி. அதில் தூசி படிந்த வட்டமான கடிகாரம். இரவு மணிகளுக்குக் கறுப்பு, பகல் மணிகளுக்கு வெள்ளை. கோட்டுக் கையால் துடைத்தாள். முள் கறுப்பில் இருந்தது. இரவு இரண்டரை.

ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வெளிச்சம், பகல் இரண்டரை.

கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடியது. கரண்ட் போகும்போதெல்லாம் நின்று நின்று பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கியிருந்தது, அவ்வளவுதான். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மாலை ஏழு வரை அவள் சமைத்ததும் குளித்ததும் மலிவில் போயிருக்கின்றன. அவன் ராத்திரியில் துவைத்ததெல்லாம் முழு விலைக்கு. துவைப்பதையும் பகலுக்கு மாற்றினால் இரட்டைக் கட்டணமே லாபம். க்ளைவின் தளம் சொன்ன பதில் சரி. அதற்கு அது வைத்திருந்த காரணம்தான் சரியில்லை.

ஐந்தரைக்கு க்ளைவ் வந்தான். அவள் எதையும் விளக்கவில்லை. அலமாரி முன் அவனை உட்காரவைத்துவிட்டுக் கெட்டிலைப் போடப் போனாள். தண்ணீர் கொதிக்கும்வரை ராத்திரி வரிசையின் சிவப்புச் சக்கரம் உருள்வதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தானும் ஒரு முறை கடிகாரத்தைத் துடைத்துப் பார்த்தான்.

"கீழ் வீட்ல மட்டும் சொல்லிடாத, கண்ணு," என்றான்.

எழுந்து போய் அழுக்குத் துணிகளை அவனே மெஷினில் திணித்தான். பொத்தானை அழுத்தினான். ஏழு மணி அடிக்கும் நேரத்தில் மெஷின் பிழிய ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது. துடைப்பக் கட்டையை எதிர்பார்த்து இருவரும் கீழே பார்த்தார்கள். இடி வரவில்லை.

அழைப்பு மணி அடித்தது. செருப்பும் கம்பளிச் சட்டையுமாக மிஸஸ் அக்ராய்ட் நின்றார். இவ்வளவு வருஷத்தில் அவர் படியேறி வந்தது இதுதான் முதல் தடவை. லொரேனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏன் க்ளைவ், ராத்திரியிலதான் மலிவுன்னு சொல்லிச் சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்தியே, இன்னிக்கு என்ன ஆச்சு?"